ஆறு வாசல் தாண்டினால் ஒரு வேலையா?

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். லைன் வீட்டில் விடிவதற்கு முன்பே ஒரு தாய் அடுப்பை மூட்டுகிறாள். இன்று அவள் கொழுந்துக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், மகனை அனுப்பிவிட்டு வருவோம் என்று நிற்கிறாள். மகன் கோயமுத்தூருக்கு இன்டர்வியூவுக்குப் போகிறான்.

புதுச் சட்டை. கடனுக்கு வாங்கிய பூட்சு. கழுத்தில் ஒரு டை. அதைக் கட்டத் தெரியாமல் பையன் தவிக்கிறான். பக்கத்து வீட்டுப் பையன் வந்து கட்டிவிடுகிறான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் ஒரே வகுப்பு. அந்தப் பையனும் அதே இன்டர்வியூவுக்குத்தான் போகிறான்! இருவரும் முதல் பஸ்ஸில் ஏறி, பர்லியாற்று வளைவுகளில் இறங்கி, மேட்டுப்பாளையம் வழியே கோயமுத்தூர் போய்ச் சேர்கிறார்கள்.

இப்படி ஒரு நடையல்ல, மூன்று நடை போனார்கள்.

ஜில்லா கலெக்டர் உத்தியோகமா? ஆகாய விமானம் ஓட்டும் வேலையா? இல்லை தோழர்களே! ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி வேலை. தோளில் பையைச் சுமந்துகொண்டு, ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று மழையிலும் மூடுபனியிலும் அலைந்து, டாக்டர்களின் வாசலில் காத்து நின்று, மாத்திரையின் பெருமையை இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டு வரும் வேலை. இந்த வேலைக்கு ஆறு வாசல் வைத்திருக்கிறார்கள். அந்த ஆறு வாசலையும் பார்த்து வருவோம். பிறகு நியாயம் பேசுவோம்.

ஆறு வாசல்கள்

முதல் வாசல் செல்பேசியில். பெயர், ஊர், மார்க்கு எல்லாம் எழுதி, ஐம்பது கேள்விக்குப் பதில் தட்டவேண்டும். லைனில் சிக்னல் கிடைக்காது. பையன் மேட்டுக்கு ஏறி, ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்று தட்டினான்.

இரண்டாம் வாசல் கோயமுத்தூரில் எழுத்துப் பரீட்சை. மனித உடலின் உறுப்புகள், மருந்துகளின் பெயர்கள், இங்கிலீஷ் இலக்கணம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருந்தைப் பற்றிப் பேசப்போகிறவனுக்கு மருந்து தெரிந்திருக்க வேண்டும்தான்.

மூன்றாம் வாசல் குழு விவாதம். பன்னிரண்டு பேரை வட்டமாக உட்காரவைத்தார்கள். ஒரு தலைப்பு கொடுத்துப் பேசச் சொன்னார்கள். யார் அடுத்தவனைப் பேசவிடாமல் தான் பேசுகிறானோ அவன் சூரன்! டை கட்டிவிட்ட பையனும் கட்டிக்கொண்ட பையனும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவன் பேச்சை ஒருவன் வெட்டினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்களாம்.

நான்காம் வாசலில் ஏரியா மானேஜர். மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தி, "இதை எனக்கு விற்றுக் காட்டு" என்றார். ஊற்றுத் தண்ணீரைக் காசு வாங்காமல் குடித்து வளர்ந்த மலைப் பையன் திகைத்தான், பிறகு சமாளித்தான். அடுத்த கேள்விக்குத்தான் அவனுக்கு வியர்த்தது. "அம்மா எந்தத் தோட்டம்? அங்கே யூனியன் உண்டா? வீட்டில் யாராவது அதில் இருக்கிறார்களா?"

மாத்திரை விற்பதற்கும் தாயின் யூனியனுக்கும் என்ன சம்பந்தம்? யோசித்துப் பாருங்கள்!

ஐந்தாம் வாசல் 'களப் பரீட்சை'. மிஞ்சிய ஐந்து பேரையும் மூன்று நாள் மலையெங்கும் சுற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு மருந்துக் கடையிலும் ஏறி, எந்தக் கம்பெனி மாத்திரை மாதம் எத்தனை பெட்டி ஓடுகிறது, எந்த டாக்டர் எதை எழுதுகிறார் என்று விசாரித்துப் பட்டியல் போட்டுக் கொடுக்கவேண்டும். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு அவரவர் கைக்காசு.

ஆறாம் வாசல் செல்பேசித் திரை. பம்பாயிலிருந்து பெரிய மானேஜர் எட்டு நிமிஷம் பேசினார். "தகவல் தருகிறோம்" என்றார்.

கொழுந்து பறிக்கும் தாயின் மகனுக்கு அந்தத் தகவல் இன்றுவரை வரவில்லை. டை கட்டிவிட்ட பையனுக்கு வேலை கிடைத்தது. இரண்டு மாதம் ஓடியது. தாய் குழுவில் வாங்கிய கடனில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் கரைந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கம்பெனிக்கு என்ன நஷ்டம்? ஒரு தம்ளர் டீ கூட இல்லை!

திறமையைத் தேடுகிறார்களாம்!

கேட்டால் கம்பெனிக்காரர் சொல்வார்: "ஒரு இடத்துக்கு நூறு பேர் வருகிறார்கள். திறமைசாலியைப் பொறுக்கி எடுக்க வேண்டாமா? போட்டி இருந்தால்தானே தரம் இருக்கும்?"

நல்ல கேள்வி. பதிலும் இருக்கிறது.

ஆறு வாசல் தாண்டி, நூறு பேரில் ஒருவனாக, முத்தைப் போல் பொறுக்கி எடுக்கப்பட்ட அந்த டை கட்டிவிட்ட பையன் எட்டாவது மாதம் வீட்டுக்கு வந்துவிட்டான். டார்கெட் எட்டவில்லையாம். "நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, உனக்குத்தான் நல்லது" என்றார்களாம். எழுதிக் கொடுத்தான். பதினைந்தாம் நாள் அதே கம்பெனி அதே வேலைக்கு மறுபடியும் ஆள் தேவை என்று அறிவித்தது. மறுபடியும் நூறு பேர்! மறுபடியும் ஆறு வாசல்!

இப்போது நாம் கேட்கிறோம். ஆறு சல்லடையில் சலித்து எடுத்த திறமை எட்டே மாதத்தில் எங்கே போயிற்று? ஒன்று, சலித்தது பொய்யாக இருக்கவேண்டும். அல்லது, வைத்த டார்கெட் அநியாயமாக இருக்கவேண்டும். கம்பெனியே சொல்லட்டும், இரண்டில் எது?

பரீட்சையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மருந்தைப் பற்றித் தவறாகச் சொன்னால் நோயாளிக்குத்தான் கேடு. படிப்பைச் சோதிக்கட்டும், ஒரு நாள் நேரில் பேசிப் பார்க்கட்டும். அதற்கு இரண்டு வாசல் போதும். மீதி நான்கு வாசல் எதற்கு?

ஒரு வாசல், பக்கத்து வீட்டுக்காரனையே போட்டியாளனாக்க. ஒரு வாசல், யூனியன் வாடை அடிக்கிறதா என்று மோப்பம் பிடிக்க. ஒரு வாசல், கூலியில்லாமல் வேலை வாங்க. ஒரு வாசல், "இவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்த வேலை, போய்விடுமோ" என்ற பயத்தை நெஞ்சில் நட. வேலைக்குச் சேரும் முன்பே முதுகு வளையப் பழகிவிட்டால், சேர்ந்த பிறகு வளைக்கும் சிரமம் முதலாளிக்கு இல்லை.

அந்தக் களப் பரீட்சையைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஐந்து பேர், மூன்று நாள்: பதினைந்து ஆள்நாள் உழைப்பு. மலையில் உள்ள மருந்துக் கடைகளின் நிலவரம் முழுவதும் கம்பெனியின் கையில் வந்துவிட்டது. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலை இது. வேலையில் இருக்கும் பிரதிநிதிகள் மாதாமாதம் செய்கிற வேலைதான். அதே வேலையை வேலை தேடி வந்தவன் செய்தால் அதற்குப் பெயர் 'பரீட்சை'! நெல் அறுக்க வந்தவனிடம், "இன்று நீ ஒழுங்காக அறுக்கிறாயா என்று பார்க்கிறேன், கூலி நாளைக்கு" என்று ஐந்து பேரைக் கொண்டு வயலையே அறுத்து முடித்துவிட்டு, நாளைக்கு ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டால் ஊர் சும்மா இருக்குமா? இதற்கு மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்?

கங்காணி இன்னும் சாகவில்லை

இந்த மலைக்கு இது புதிதல்ல. தோட்டத்துக்கு ஆள் பிடித்துத் தந்தவன் கங்காணி, மேஸ்திரி. பஞ்சம் பிடித்த கிராமத்துக்குப் போவான், முன்பணத்தை நீட்டுவான், தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்திடம் வாங்கிக்கொள்வான். அந்த முன்பணம் கடனாகி, கடன் விலங்காகி, தோட்டத்தை விட்டு நகரமுடியாமல் தலைமுறை கழிந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி உடம்பைச் சோதித்துத்தான் அனுப்பினார்கள்.

நீலகிரியில் உள்ள பல லைன்களில் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். 1964ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து பங்கு போட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே இந்த மலையில் சர்க்கார் தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் டான்டீ.

இலங்கையில் 'துண்டு' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், பழைய துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தரவேண்டும்: இவர்களின் கடனை அடைத்தால் விடுவிக்கிறேன் என்று. துண்டு இல்லாதவனை எந்தத் தோட்டமும் சேர்க்காது. 1921ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

ஒழிந்ததா? டை கட்டிவிட்ட பையன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தானே, அவனுக்குப் பழைய கம்பெனி இன்னும் விடுவிப்புக் கடிதம் தரவில்லை. 'மாதிரி மருந்துக் கணக்கு முடியவில்லை' என்கிறார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் அடுத்த கம்பெனி அவனை உள்ளே விடாது. இது துண்டுச் சீட்டு இல்லாமல் வேறென்ன? கங்காணி சாகவில்லை தோழர்களே. தலைப்பாகையைக் கழற்றிவிட்டு டை கட்டிக்கொண்டான்!

நூறு பேர் எங்கிருந்து வந்தார்கள்?

"ஒரு இடத்துக்கு நூறு பேர் வருகிறார்கள்" என்கிறார் மானேஜர். அவர்கள் வானத்திலிருந்தா குதித்தார்கள்?

இந்த மலையில் ஒரு காலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. பொதுத்துறை ஆலை. 1960ல் நிறுவப்பட்டு, 1967ல் உற்பத்தி ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. நாட்டின் ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிம் கொடுத்த ஆலை அது. காலம் மாறியது, தொழில்நுட்பம் மாறியது என்றார்கள். மாறட்டும்! காலத்துக்குத் தக்கபடி ஆலையையும் மாற்றவேண்டியது யார் பொறுப்பு? ஆலை மூடப்பட்டது. அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையோ நூறு வருஷத்துக்கு மேல் சர்க்கார் தொழிற்சாலையாக இருந்தது. 2021ல் அதைக் கம்பெனியாக மாற்றிவிட்டார்கள். தேயிலைத் தோட்டங்களில் நிரந்தர ஆளைக் குறைத்துத் தற்காலிக ஆளைக் கொண்டு வேலை வாங்குகிறார்கள். படுக, தாழ்த்தப்பட்ட சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை இல்லை என்ற குரல் 25 வருஷமாக மலையெங்கும் கேட்கிறது. படித்த பிள்ளை பின் எங்கே போவான்? மலை இறங்குவான், டை கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பான்.

வேலையில்லாப் பட்டாளம் தானாக உண்டானது அல்ல, உண்டாக்கப்பட்டது. அந்தப் பட்டாளம் வாசலில் நிற்பது முதலாளிக்கு லாபம். உள்ளே இருப்பவன் கூலி உயர்வு கேட்டால், வாசலைக் காட்டுவார்: "வெளியே பார், நூறு பேர்!" மில் தோழர்களுக்கு இது தெரியாததா? கேட்டில் பதிலிகள் நிற்பதைக் காட்டித்தானே உள்ளே தறியைக் கூட்டினார்கள்!

இந்த வரிசைக்கு ஒரு வழி செய்யத்தான் சர்க்கார் வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறதே என்பார்கள். 1959ல் போட்ட சட்டம், காலியிடங்களை அந்த அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும் என்றது. ஆனால் அறிவித்தால் போதும், அங்கே பதிந்தவர்களிலிருந்துதான் ஆள் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அதே சட்டம் சொல்லிவிட்டது. கதவைக் கட்டிப் பூட்டையும் தொங்கவிட்டு, சாவியை முதலாளி கையில் கொடுத்தது போல!

"டை கட்டினவன் பாடு நமக்கென்ன?"

ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: "இதெல்லாம் படித்தவன் பாடு. நமக்குக் கொழுந்து எடையில் அடிக்கும் கொள்ளை இருக்கிறது, மில்லில் ஆள்குறைப்பு இருக்கிறது. டை கட்டினவனுக்காக ஏன் மை செலவழிக்கிறீர்கள்?"

அந்தத் தோழர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தத் தாய் ஐந்தாம் வாசலின்போது யூனியன் ஆபீசுக்கு வந்து, "அண்ணே, பையன் மூணு நாளா வெறும் வயித்தோட சுத்துறான், சம்பளம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டாள். "அது கம்பெனி விஷயம் அக்கா, நமக்கு அதில் பிடி இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். கொழுந்துத் தராசில் அரைக் கிலோ குறைந்தால் துரை பங்களா வரை போகிற நான், அவள் மகனின் மூன்று நாள் உழைப்பு மொத்தமாகக் களவு போனபோது 'பிடி இல்லை' என்றேன். அது தவறு. அந்தத் தவறை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

டை கட்டியவனும் தொழிலாளியே. இதை அவர்களே போராடித்தான் நிலைநாட்டவேண்டியிருந்தது. 1963ல் மருந்துப் பிரதிநிதிகள் அகில இந்திய சம்மேளனம் அமைத்தார்கள். மாநிலங்களவையின் மனுக்கள் குழுவின் முன் போய் நின்றார்கள். அவர்களைத் தொழில் தகராறு சட்டத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்று அந்தக் குழு 1972ல் சொன்னது. 1976ல் விற்பனைப் பிரதிநிதிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது: நியமனக் கடிதம் தரவேண்டும், சம்பளத்தோடு லீவு தரவேண்டும் என்றது, தொழில் தகராறு சட்டத்தையும், குறைந்தபட்சக் கூலி, போனஸ், கிராஜுவிட்டி, பிரசவ உதவிச் சட்டங்களையும் இவர்களுக்குப் பொருந்தச் செய்தது. அந்தத் தனிச் சட்டம் இல்லாவிட்டால் என்ன கதி? 1994ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள்: விற்பனையைப் பெருக்கும் வேலை செய்கிறவர், அந்த வேலையைக் கொண்டு மட்டும் தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் 'தொழிலாளி' ஆகிவிடமாட்டார் என்று! நாள் முழுதும் நடந்து கால் வீங்கியவன் தொழிலாளி இல்லையாம். போராடிப் பெற்ற சட்டமே அவனுக்குக் கவசமாக நின்றது.

இப்போது கவனியுங்கள். கொழுந்து பறிக்கும் தாய்க்கு 1951ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இருந்தது. வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம், குடிதண்ணீர் எல்லாம் தோட்டம் தரவேண்டும் என்ற சட்டம். மகனுக்கு 1976ம் வருஷத்துச் சட்டம் இருந்தது. மில் தொழிலாளிக்கு 1948ம் வருஷத்து ஆலைச் சட்டம் இருந்தது. இந்த மூன்றையும், இன்னும் பத்துச் சட்டங்களையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி, 2020ல் பாராளுமன்றத்தில் ஒரு தொகுப்புச் சட்டம் நிறைவேற்றினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்துவிட்டது என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. தாயின் சட்டமும் மகனின் சட்டமும் மில்காரனின் சட்டமும் ஒரே மூட்டைக்குள் போய்விட்டன!

அந்தத் தொகுப்புகளில் நல்லதே இல்லையா? இருக்கிறது, மறைக்கமாட்டோம். எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் என்கிறது. விற்பனைப் பிரதிநிதியும் 'தொழிலாளி'யே என்று எழுதியிருக்கிறது. ஆனால் மறு பக்கத்தைப் புரட்டுங்கள். ஆலையிலோ தோட்டத்திலோ ஆள்குறைப்புச் செய்ய, முன்பு 100 பேர் வேலை செய்தாலே சர்க்கார் அனுமதி வேண்டும்; இப்போது 300 பேர் இருந்தால்தான் அனுமதி வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆள் வைத்து, காலம் முடிந்ததும் அனுப்பிவிட ஏற்பாடு. உள்ளே இருப்பவனை வெளியே தள்ளுவதைச் சுலபமாக்கினால், வாசலில் நிற்கும் வரிசை நீளும். வரிசை நீண்டால் வாசல்கள் கூடும். ஆறு, எட்டாகும்!

இன்னொன்று. பழைய சட்டமும் சரி, புதிய தொகுப்பும் சரி, வேலைக்குள் வந்தவனைப் பற்றியே பேசுகின்றன. ஆண் பெண் என்று பேதம் காட்டி ஆள் எடுக்கக்கூடாது என்பது போன்ற சில விதிகளைத் தவிர, வாசலில் நிற்பவனுக்கு இந்தத் தொழிலாளர் சட்டங்களில் இடமில்லை. மூன்று நாள் ஓசியில் உழைத்தவன் யாரிடம் போய் முறையிடுவான்?

வாசலையும் திருத்த முடியும்

"வாசல் முதலாளியுடையது. அதில் நாம் என்ன செய்யமுடியும்?" என்று மலைக்க வேண்டாம். வாசலிலேயே போராடி வென்றவர்கள் இருக்கிறார்கள்.

1889. லண்டன் துறைமுகம். தினமும் காலையில் கேட்டில் கூட்டம் கூடும். மேஸ்திரி வந்து கை நீட்டி, நீ வா, நீ வா என்று பொறுக்குவான். ஒருவன்மேல் ஒருவன் ஏறி விழுவார்கள். எடுக்கப்பட்டவனுக்கும் ஒரு மணி நேர வேலைதான் கிடைக்கும், உடனே அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள், நிரந்தர வேலை என்பதையே அறியாதவர்கள், அந்த ஆகஸ்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் தலைமையேற்றார்கள். மார்க்ஸின் மகள் எலியனார் கூடநின்று உழைத்தார். கடல் கடந்து ஆஸ்திரேலியாவிலிருந்து தொழிலாளர்கள் பணம் அனுப்பினார்கள். ஐந்து வாரம்! கடைசியில் வென்றார்கள். மணிக்கு ஆறு பென்ஸ் கூலி. அதோடு, கூப்பிட்டால் குறைந்தது நாலு மணி நேரக் கூலி தரவேண்டும்.

இந்த இரண்டாவது வெற்றியைக் கவனியுங்கள். வேலைக்கு எடுக்கும் விதத்துக்கே அவர்கள் கடிவாளம் போட்டார்கள். நம் நாட்டிலும் துறைமுகங்களில் அன்றாடம் ஆள் பொறுக்கும் அநியாயத்தை ஒழுங்குபடுத்த 1948ல் சட்டம் வந்தது. துறைமுகக் கேட்டில் முடிந்தது மருந்துக் கம்பெனி கேட்டில் முடியாதா?

என்ன கேட்கிறோம்?

நாம் வானத்தைக் கேட்கவில்லை.

விளம்பரத்திலேயே எத்தனை இடம், எவ்வளவு சம்பளம், எந்த ஊர், என்ன டார்கெட் என்று எழுது. இரண்டு சுற்றுக்குமேல் கூப்பிடாதே. மலை இறக்கிக் கூப்பிட்டால் பஸ் செலவும் பேட்டாவும் கொடு. நியமனத்துக்கு முன் ஒரு நாள் களத்தில் நிறுத்தினாலும் அதற்குக் கூலி கொடு. யூனியனில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காதே. எடுத்தாயா இல்லையா என்பதைக் குறித்த நாளில் எழுத்தில் சொல். "தகவல் தருகிறோம்" என்று இழுக்காதே. அசல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்காதே. விலகியவனுக்கு விடுவிப்புக் கடிதத்தை மறுக்காதே.

சர்க்காரே! இவற்றைச் சட்டமாக்கு. காலியிடத்தை அறிவித்தால் மட்டும் போதாது. பதிந்தவர்களுக்கு முதலிடம் என்று திருத்து.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதா? கூடாது. அதே கம்பெனி மறுபடியும் ஆள் தேவை என்று அறிவித்ததே, அன்று சாயங்காலம் இரண்டு பையன்களும் யூனியன் ஆபீசுக்கு வந்தார்கள். விலக்கப்பட்டவனும் எடுக்கப்படாதவனும். வாசலில் ஒருவரையொருவர் பார்த்துத் தயங்கினார்கள். பிறகு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "மாமா, இந்தத் தடவை என்ன செய்யலாம்?" என்று ஒருவன் கேட்டான். மனுப்போட்டவர்கள் யார் யார் என்று விசாரித்து, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் ஏழு பேரைக் கூட்டினோம். கூலியில்லாமல் களப் பரீட்சைக்குப் போவதில்லை என்று ஒரு காகிதம் எழுதினோம். நால்வர் கையெழுத்துப் போட்டார்கள். மூவர் பயந்தார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நால்வரின் காகிதம் கம்பெனிக்குப் போயிற்று. பதில் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை களப் பரீட்சை நடக்கவில்லை.

சிறிய காரியம்தான். வேலை யாருக்கும் இன்னும் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் நாலு பேரின் கையெழுத்துக்கே ஒரு வாசல் மூடிக்கொண்டது. நாற்பது பேர் போட்டால்? மில்லிலும் வயலிலும் தோட்டத்திலும் இருக்கிற தாய் தகப்பன்மார் பின்னால் நின்றால்?

தோழர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு எங்கோ ஒரு வாசலில் நிற்கிறான். அவன் திரும்பி வந்ததும், "கிடைத்ததா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "கூட நின்றவர்கள் யார்? அவர்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். அந்தப் பெயர்களை எழுதி வாங்குங்கள். சங்கம் அந்தப் பட்டியலிலிருந்துதான் ஆரம்பமாகிறது.